புகை போட்ட சட்டை

திருப்பூரிலிருந்து உடுமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிறவர் என்பதும், மான் வேட்டைக் கேசுக்காக இருவரும் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்பதும் பல்லடம் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

“மானுக்கு என்ற வாடை தெரியவே இல்லீங்க மச்சான்.”

“அதெப்படீங்க மாப்ள?”

“சட்டையை ஒரு வாரமா பாய்லர் புகையிலயே தொங்கப் போட்டிருந்தனுங்க. மனுச வாடை சுத்தமாப் போயிருச்சு. கல்லெறியற தூரத்துல நின்னு மேஞ்சுட்டிருந்துச்சுங்க.”

“அப்பறம் எப்படி மாட்டுனீங்க?”

“பாரஸ்டுக்காரருக்குப் புகை வாடை அடிச்சிருக்குதுங்க. காட்டுல தீப்புடிச்சிருச்சுன்னு ஓடியாந்துட்டாரு.”

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“ஜட்ஜய்யா கேட்டா, புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டேன்னு சொல்லிப்போடுங்க மாப்ள. இல்லீன்னா உள்ள போட்டுருவாங்க.”

“சொல்லறனுங்க. ஆனா ரோசனையில பழுதில்லீங்க மச்சான். பாரஸ்டுக்காரரு வாடைக்கு மெரண்ட மானு, என்ற பக்கமாத்தானுங்க ஓடியாந்துச்சு.”