நீதிபதிக்குக் கொடுத்த வடை

வழக்கில் சம்பந்தப்பட்டவரோடு பழக்கம் இருந்தால் நீதிபதி விலகிவிட வேண்டும் என்பது விதி. வடையைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் இல்லை.

ஓல்டன் நிலையத்தில் ரயில் ஏறிய சகோதரிகள் இருவர் என் எதிரே அமர்ந்தார்கள்.

“நீதிபதிக்கு வடை குடுத்தனியோ?” என்றார் மூத்தவர்.

“ஓம் அக்கா. தன்ர தாயைப் பார்க்க, நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுகளில வாறவர். தம்பியின்ர அகதி மேன்முறையீட்டுக் கடிதத்தில அவற்ர பேர் கிடந்தது. தம்பியைக் கைவிட்டிடாதேங்கோ எண்டு சொல்லி, பிள்ளையாருக்குப் படைச்ச வடையைக் குடுத்தன்.”

“விசரி! அவர் என்ன செய்தவர்?”

“வடையைத் திருப்பித் தந்தார். பிறகு வழக்கில இருந்தும் விலகிட்டார்.”

“இருவது வருச நீதிபதி, இரக்கமான மனிசன் எண்டு வக்கீலே சொன்னவரடி. இனி ஆரிட்ட?”

“புதுசா வந்தவரிட்ட. எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுற கட்சியின்ர ஆள்.”

இந்த நாட்டில் நீதிபதிக்கும் கட்சி உண்டு. ஆராவ் நிலையத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

மாதங்கள் கழித்து, அதே ரயிலில் இளையவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“ஓம் மாமி, தம்பி இங்க இருக்கலாமாம். அந்தப் புதியவர்தான் தீர்ப்பு எழுதினவர். எப்ப வந்ததோ? பழைய நீதிபதி ஓய்வு பெற்ற அண்டைக்கு. அண்டைக்குப் பின்னேரம் அந்தப் பழையவர் எங்கட இல்லத்துக்கு வந்து, ‘இப்ப வடை இருக்கோ?’ எண்டு கேட்டவர்.”