ஒரு வாய் வெனிலா

லொரெல்: வாயைத் திறங்கப்பா.

நார்பர்ட்: திறந்துதானே இருக்கு.

லொரெல்: இதுவா? தபால் பெட்டிகூட இதைவிடப் பெரிசாத் திறக்கும்.

நார்பர்ட்: ஞாயித்துக்கிழமை கிளினிக்கைத் திறந்து வெச்சு... உங்க டாக்டர் எங்க?

லொரெல்: லீவு. பல்லைச் சுத்தம் பண்றது நான்தானே? சாவியும் எங்கிட்ட இருக்கு. கூட்டம் இல்லாம நிதானமாப் பாக்கலாம்னு...

நார்பர்ட்: கூட்டம் இல்லாம. சரி.

லொரெல்: வெள்ளிக்கிழமை சர்ச் ஹாலுக்கு மீன் வறுவல் சாப்பிட ஏன் போகல? ரே சித்தப்பா உங்களைத் தேடினாராம்.

நார்பர்ட்: மீன்ல முள்ளு.

லொரெல்: அந்த மீன்ல முள்ளே கிடையாது. உங்க வீட்டுல சீஸ் துண்டும் பையோட அப்படியே கிடக்கு.

நார்பர்ட்: புது சீஸ்னா கடிக்கிறப்ப கீச்சுகீச்சுனு சத்தம் வரணும். இப்ப வரல. கடைக்காரன் ஏமாத்துறான்.

லொரெல்: அப்பா... பல்லுல உரசினாத்தான் அந்தச் சத்தம் வரும்.

நார்பர்ட்: நாற்காலியை நிமித்து. நான் கிளம்புறேன்.

லொரெல்: கையை எடுங்க. வாய் மேலேருந்து கையை... ஐயோ.

நார்பர்ட்: ரொம்ப மோசமா?

லொரெல்: ஈறு ஓரமெல்லாம் கறுப்பா... இந்தப் பக்கம் வேர் மட்டும்தான் மிச்சம். வலிக்கலையா?

நார்பர்ட்: உன் பாட்டில் குடிக்கிறப்ப அவ்வளவா வலிக்காது.

லொரெல்: நான் வாங்கித் தர்ற சத்துப் பானமா? அதைச் சாப்பாட்டோடதானே...

நார்பர்ட்: ஒரே மூச்சுல குடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்கன்னு நீதானே சொன்னே? உங்கம்மா போனப்புறம் எனக்கு வயித்துல எதுவும் நிக்கலையே. சாய்வு நாற்காலி பக்கத்துல வெச்சுக்குவேன். டிவி பாக்குறப்ப ஒரு வாய். முழிப்பு வந்தா ஒரு வாய்.

லொரெல்: பல் தேய்ச்சப்புறமும் குடிச்சீங்களா?

நார்பர்ட்: மருந்துன்னு நெனச்சேன்மா.

லொரெல்: அத்தனையும் சர்க்கரைப்பா! புட்டிப் பாலோட பிள்ளைங்களைத் தூங்க வைக்காதீங்கன்னு இங்க வர்ற அம்மாக்களையெல்லாம் திட்டுறேன். அப்பாவுக்கு நானே பெட்டி பெட்டியா...

நார்பர்ட்: வெனிலா பரவால்ல. ஸ்ட்ராபெர்ரிதான் சோப்பு மாதிரி.

லொரெல்: சிரிக்க வைக்காதீங்க. எடை ஏறிடுச்சுன்னு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

நார்பர்ட்: தெரியும். போன்ல அந்தக் குரலைக் கேக்கத்தான் இன்னொரு பாட்டிலைத் திறப்பேன்.

லொரெல்: வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பல்லு பாக்குறதே என் பொழப்பு.

நார்பர்ட்: அதான் சொல்லல. ஊர் வாயையெல்லாம் சுத்தம் பண்றவ, அவ அப்பன் வாய் சாக்கடைன்னு...

லொரெல்: யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

நார்பர்ட்: அப்ப எதுக்கு ஞாயித்துக்கிழமை? எதுக்கு ஜன்னல் திரையை இறக்கிவிட்டே?

லொரெல்: வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு...

நார்பர்ட்: பரவால்லம்மா. நானும் வண்டியைப் பின்பக்கம்தான் நிறுத்தியிருக்கேன்.

லொரெல்: அப்பா... இன்னைக்குத்தான் பாத்தேன்னு நெனக்காதீங்க.

நார்பர்ட்: விடு.

லொரெல்: இல்ல, சொல்லிடறேன். நவம்பர்ல, வான்கோழி விருந்தன்னிக்கு, ரே சித்தப்பா ஏதோ சொல்ல நீங்க வாய்விட்டுச் சிரிச்சீங்க. அப்பவே பாத்துட்டேன். பாத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா உங்களை என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கணுமேன்னு... கிரேவி தீந்துடுச்சுன்னு சொல்லிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள ஓடிட்டேன்.

நார்பர்ட்: கிண்ணம் நிறையத்தான் இருந்துது, லொரெல். அன்னையிலேருந்துதான் சிரிப்பு வந்தா வாயை மூடிக்கிறேன்.