சிவப்புச் சீட்டு ஒட்டிய பாட்டில்

உண்ணி பிடுங்குவதற்கு விரல் பழக வேண்டும், ஐயா. அவசரப்பட்டு இழுத்தால் உடம்பு கையோடு வந்துவிடும், வாய் மாட்டின் தோலிலேயே தங்கிவிடும். வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். அதில் தேவசகாயத்தை மிஞ்ச ஆள் கிடையாது. கல்லேரிப்பட்டில் செத்த மாட்டின் தோல் அவனுக்குப் பாத்தியதை. உரித்து ஆம்பூர் மண்டிக்குக் கொண்டுபோவான். நான் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மைக்ராஸ்கோப் என் பொறுப்பில் இருந்தது.

இருபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், ஆம்பூரில் நயீம் அகமது சாயபு வீட்டுப் பசு ரத்தமாக மூத்திரம் பெய்து செத்தது. அதன் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தேன். ரத்த அணுக்களுக்குள்ளே பேரிக்காய் வடிவத்தில் கிருமிகள், நுனியோடு நுனி ஒட்டி இரண்டிரண்டாக இருந்தன. உண்ணி கடித்து வருகிற கிருமி அது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படம் வரைந்து பட்டணத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நாட்டு மாடு இந்த நோயில் சாவதில்லை, கம்பவுண்டர் பார்த்தது சாயத் துணுக்கு. 'கம்பவுண்டர்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பசுவின் தோலை உரித்தவனும் தேவசகாயம்தான். அதிலிருந்த உண்ணிகளை எனக்காகச் சேர்த்துத் தரச் சொன்னேன். கைக்கு அகப்பட்ட ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். அதில் மண்டையோடு போட்ட சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இன்னா சார், விஷ பாட்டில குடுக்கிறீங்க?" என்று சிரித்தான்.

கழுவினதுதான் என்றேன். அது உண்மை.

உண்ணிகள் முட்டையிட்டன. கிருமி தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் போகும். இதை நிரூபிக்க, உண்ணியே கண்டிராத மாடுகள் வேண்டும். கல்லேரிப்பட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் மாட்டைக் குளிப்பாட்டி, மடி இடுக்கு வரை தடவிப் பார்ப்பார்கள். அந்த ஊர் மாட்டில் ஓர் உண்ணி பார்க்க முடியாது. அப்படிச் சுத்தமாக வளர்ந்த மாட்டைத்தான் இந்தக் கிருமி சீக்கிரம் தின்னும். ஆகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். குஞ்சு உண்ணி கடுகில் கால்வாசிகூட இராது, பெண்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு நாள் காலையில் ஏரிக்கரைப் புல்லில் பாட்டிலைத் தட்டிவிட்டு வந்தேன். நல்ல வெயில், நிறைய தட்டாம்பூச்சி பறந்தது.

மூன்றாம் வாரம் மாடுகள் விழ ஆரம்பித்தன. ஏழு செத்தன. காதோரம் கீறி ரத்தம் எடுத்தேன், ஏழிலும் ஜோடி ஜோடியாக இருந்தது. தகடுகளில் தேதி எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த தடவைச் சோதனைக்கு உண்ணி வேண்டுமென்று பாட்டிலை மறுபடியும் தேவசகாயத்திடம் கொடுத்திருந்தேன். அதற்கு முன் அந்த ஊரில் ரத்தமாகப் பெய்து மாடு செத்ததே கிடையாது. செத்த மாடெல்லாம் அவனுக்குப் போகிறது, அவன் மடியில் மண்டையோட்டுப் பாட்டில். தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைத்தான் என்று மணியக்காரர் அவனைச் சாவடியில் கட்டி வைத்துவிட்டு, எனக்குக் கடிதம் கொடுத்துத் தலையாரியை அனுப்பினார்.

"நோவுன்னு எழுதிக் குடுத்தா வுட்டுடுவாங்க சார். இல்லேன்னா ஊரு சும்மா வுடாது. அவன் உங்க பேரைத்தான் சொல்லினு கீறான். பாட்டிலு நீங்க குடுத்ததா?"

ஆஸ்பத்திரியில் பாட்டில்கள் காணாமல் போவதுண்டு என்றேன். அதுவும் உண்மைதான்.

தகடு அப்போது மைக்ராஸ்கோப்பிலேயே இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். நோய் என்று எழுதினால், உண்ணியே இல்லாத ஊருக்கு அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். பிறகு பட்டணத்தில் யார் என்னை நம்புவார்கள்? சோதனையை முடிக்க எனக்கு இன்னும் ஆறு வாரம்தான் தேவைப்பட்டது. 'ரத்தத்தில் நோய்க்குறி ஏதும் காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விஷம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. தேவசகாயம் ஏரிக் கல்லில் தவறி விழுந்து செத்தான் என்று ஊரார் சொன்னார்கள். உடம்பை நான் பார்க்கப் போகவில்லை.

அவன் மனைவி அன்னம்மாள் ஒரு மாதம் கழித்து வேலை கேட்டு வந்தாள். தகடு கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஏழு வருஷமாகக் கழுவுகிறாள், இதுவரை ஒன்றுகூட உடைத்ததில்லை. அவள் வந்த பிறகுதான் எனக்கு ஒரு தொந்தரவு தொடங்கியது. சோற்றைப் பிசைந்தால் பருக்கைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு தெரியும். கண்ணை மூடினாலும் இமைக்குள் அதே ஜோடிகள். பயந்து கண்ணைத் திறந்தால் எதிரே அன்னம்மாள் நின்றுகொண்டிருப்பாள்.

"அதுல இன்னாதான் சார் தெரியுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அந்த ஏழில் ஒன்றை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு ரெண்டா கீது சார். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

ஆமாம் என்றேன். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் பட்டணத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நாட்டு மாடும் இந்த நோயில் சாகும் என்று வேறு யாரோ கண்டுபிடித்திருக்கிறாராம். மணியக்காரருக்கு எழுதிய கடிதத்துக்குப் பயந்து ஏழு வருஷம் தகடுகளை அனுப்பாமல் இருந்தேன், இப்போது எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் கண்டவன் நான் என்று எழுதி ஏழு தகடுகளையும் அனுப்பினேன். அவற்றிலிருந்த தேதியையும் மணியக்காரருக்கு நான் எழுதிய கடிதத்தின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்.

எழுதிக்கொள்ளுங்கள். உண்ணியை விட்டவன் நான். பாட்டிலைக் கொடுத்தவனும் நான். நோய் என்று தெரிந்தே இல்லையென்று எழுதி, ஒரு வார்த்தையில் பிழைத்திருக்கக்கூடியவனைச் சாகவிட்டேன். கண்டுபிடிப்பில் என் பெயர் சாமிநாதன் என்று இருக்கட்டும், கம்பவுண்டர் என்று போட வேண்டாம்.

இன்னும் ஒன்று. இதை அன்னம்மாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அழுதால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது ஐயா. எனக்கு இளகின மனசு.