நூத்தி அறுபத்தோரு மீட்டர்

— மாமா, ஒரு மாசமா கால்ல வுழாத கொறையா கேட்டியே, இப்ப கேட்டுக்கோ. கோனேரு கொளத்துப் படிக்கட்டாண்ட நான் ஒளிச்சி வெச்ச டப்பாவ மேப்புலேர்ந்து எடுத்துடப் போறேன். உன் டப்பாவ உன் பஜ்ஜிக் கடை பின்னாலயே வெச்சிக்கோ. அர்த்தமாச்சா?

— வேணா சாயி.

— இன்னாது?

— இருக்கட்டும். மச்சான் நீ வெச்சத நான் ஏன் தூக்கச் சொல்லணும்?

— தோ பாரு சந்திராக்கா உன் புருசன! போன மாசம் இதே அடுப்பாண்ட நின்னுக்கினு இன்னா கத்து கத்துனாரு!

— உன்னயவா கத்துனேன்? அந்த ரூல்ஸ. ஒருத்தன் டப்பாவ ஒளிப்பானாம். இன்னொருத்தன் போன்ல மேப்ப பாத்துக்கினு, திருப்பதிலேர்ந்து கார்வேட்டிநகரம் வரைக்கும் கார் போட்டு வந்து தேடுவானாம். உள்ள இருக்கற காயிதத்துல பேர எழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டுப் போவானாம். சரி, வெளாட்டு. நம்ம கடையாண்டயும் ஒண்ணு வெச்சா, வர்றவன் நாலு பஜ்ஜி துன்னுவான்னு பாத்தேன். டப்பாக்கு டப்பா நூத்தி அறுபத்தோரு மீட்டரு வுடணுமாம்! நம்ம காலனில நான் தும்முனா பக்கத்து வூட்டு கோவர்த்தனன் மூஞ்ச தொடைக்கிறான். தேவுடா, டப்பாவா பொறந்திருக்கலாம்.

— கிட்டகிட்ட இருந்தா தேடறவன் கொழம்பிடுவான் மாமா. அதுக்குதான் அந்த ரூல்ஸு.

— காலனில குடிச்சிட்டு வர்றவன் தெனம் ஒரு வூட்டுக் கதவ தட்டறான். அவனுக்கும் ஒரு ரூல்ஸு போடச் சொல்லு.

— பேச்ச மாத்தாத. எடத்த தர்றேன்றேன், ஏன் வேணான்ற?

— நீ ஏன் திடீர்னு தர்ற? அத சொல்லு மொதல்ல.

— டப்பா காணோம். வர்றவனெல்லாம் கெடைக்கல, கெடைக்கலன்னு எழுதறான். வெளையாட்ட நடத்தறவங்க என்னய கேக்கறாங்க. புத்தூர்லேர்ந்து ஆட்டோவுக்கு சவாரி வரும்னு வெச்சேன். எல்லாம் கார்லயே வர்றானுங்க. எனக்கு இன்னா லாபம்? புதுசா டப்பா வாங்கி வெக்க என்னால ஆவாது.

— வெக்காத. மேப்புல மட்டும் இருக்கட்டும்.

— இல்லாத டப்பாவுக்கு மேப்பு எதுக்கு?

— டப்பா இருந்தப்ப வந்தான், எடுத்தான், எழுதனான், கார் ஏறிட்டான். ஒரு டீ குடிச்சானா? இப்ப பாரு, காலைல வந்தவன் மத்தியானம் வரைக்கும் புதர்ல தலைய வுட்டுக்கினு கெடக்கறான். பசிச்சா எங்க வருவான்? கெடச்சவன் போய்டறான் சாயி. கெடைக்காதவன்தான் துன்றான். இப்பதான் என் எண்ணெச் சட்டி ஒயுங்கா காயுது. இல்லன்னா கடைய மூடிட்டு மறுபடியும் கல் ஒடைக்கப் போயிருப்பேன். இந்த முதுகு தாங்குமா, சொல்லு.

— ஓஹோ! அப்ப டப்பாவ தூக்கனது நீதான்.

— கங்கம்மா சத்தியமா இல்ல! தூக்கலாம்னுதான் போனேன், அத ஒத்துக்கறேன். தள்ளி வெச்சிட்டா எனக்கு எடம் காலியாவும்னு நெனச்சேன்.

— நீ டப்பாவ காசிக்கே கொண்டுபோனாலும் மேப்பு இங்கதான் காட்டும் மாமா!

— அத யார் சொன்னா எனக்கு? டப்பாதான் கெடைக்கவே இல்லியே. இப்ப வேற எவனுக்காவது கெடச்சிட்டா யாவாரம் போய்டுமேன்னு, கடைல ஆள் இல்லாதப்பல்லாம் போய் ஒவ்வொரு கல்லா பொரட்டிக்கினு கெடக்கறேன்.

— ஆட்டோக்காரன்கிட்டயே காது குத்தற பாத்தியா!

— அவர வுடு தம்பி. டப்பா எங்கிட்ட இருக்குது. மெளகாத்தூள் போட்டு வெச்சிருக்கேன். மூடி நல்லா இறுக்கமா இருக்குது.

— அக்கா!

— அடிப்பாவி சந்திரம்மா! இந்த வெயில்ல முட்டி தேயத் தேடிக்கினு இருந்தேனே, ஒரு வார்த்த சொன்னியா?

— சொல்லியிருந்தா தேடறத நிறுத்தியிருப்ப. நீ அங்க குந்திக்கினு கல்லு பொரட்டறத பாத்துதான்யா, டப்பா அங்கதான் இருக்குதுன்னு நம்பி ஒவ்வொருத்தனும் கார வுட்டு எறங்கறான்.