மஞ்சள் கோடு

அந்த நாற்காலி வேண்டாம், பின்கால் ஆடும். இதில் உட்காருங்கள். பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். சரிசெய்யக் கால் மணி நேரம் ஆகாது, ஆனால் ஊரார் வண்டியையெல்லாம் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு நாற்காலியைப் பார்க்க எங்கே நேரம். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பேசுவோம். மாடியில் என் தங்கை இருக்கிறாள்.

நீங்கள் மேஜைமேல் வைத்தது என்ன என்று தெரிகிறது. பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் ஓடுகிற ரப்பர் குழாய், முன்சக்கரத்துடையது. முனையில் கிழிந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் என்றால் வண்டியைச் சுற்றி வந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பள்ளத்திலிருந்து வண்டியை மேலே தூக்கவைத்து, கையை அழுக்காக்கிக்கொண்டு கழற்றிப் பார்த்திருக்கிறீர்கள். அப்படி வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். ஹோஸ் பழசு, அதன் முனையில் இருக்கும் செப்பு வாஷர் மட்டும் எப்படிப் புதுசு. நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

தங்கையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குத் தானாகச் சடை பின்னிக்கொள்ளத் தெரியாது. கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நான்தான் பின்னிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வண்டிக்கு அடியில் எனக்கு டார்ச் பிடிப்பாள். கையை நீட்டினால் என்ன ஸ்பேனர் வேண்டும் என்று கேட்காமலே எடுத்து வைப்பாள். கல்யாணம், காட்சி என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீடு நிறைந்துதான் இருந்தது.

அவளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு மண் சோதனை செய்யும் வேலை. அணையோ பாலமோ கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்து மண் தாங்குமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். நல்ல மனிதர். வாக்குமூலம் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனிதர். பாப்பாவுக்கு என்னை விட்டுப் போக மனசில்லை என்று தெரிந்ததும், மாடியிலேயே குடித்தனம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். ஸ்பேனரைக் கொடுத்தால் கரண்டி பிடிப்பதுபோல் பிடிப்பார். பாட்டில் மூடி இறுகிக்கொண்டால் மாடியிலிருந்து இறங்கி என்னிடம் வருவார். திறந்து கொடுத்தால் மலையைப் புரட்டியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார். மச்சான் கை பட்டால் இரும்பும் பேசும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

தன் வண்டிக்கு ஒரு ஷாக் அப்சார்பர் செட்டை வாங்கி வந்ததும் அவர்தான். காயில்ஓவர் என்பார்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே உடம்பாக இருக்கும், உடம்பு நெடுக மரை ஓடும். கீழே இருக்கும் ரிங்கைத் தளர்த்தித் திருகினால் வண்டி உயரும், தாழும். மேலே உள்ள குமிழைத் திருகினால் ஷாக் இறுகும், இளகும். தார்ச் சாலையில் தாழ்வாக ஓட்டலாம், மண் பாதை வந்தால் உயர்த்திக்கொள்ளலாம். ஆசையாக வாங்கி வந்திருந்தார். அவருக்கு அளவெல்லாம் மண்டையில் நிற்காது என்பதால் மரையின்மேல் பெயிண்டில் இரண்டு கோடு போட்டேன். வெள்ளை சாலைக்கு, மஞ்சள் மண்ணுக்கு.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்த மாதிரி செட்டில் வண்டியை உயர்த்தினால், குழியில் இறங்கும்போது சக்கரமும் அதே அளவுக்குக் கூடுதலாகக் கீழே தொங்கும். கம்பெனி போட்ட பிரேக் ஹோஸுக்கு அந்த நீளம் கிடையாது. ஸ்டியரிங்கும் முழுக்கத் திரும்பியிருந்தால் விண்ணென்று இழுபடும். சில தடவை தாங்கும், பிறகு கிழியும். இந்த வேலை தெரிந்த எவனும் ஹோஸை நீளமாக மாற்றாமல் வண்டியை வெளியே விடமாட்டான். நானும் நீளமான ஹோஸ் வாங்கினேன். உங்கள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதே, அதுதான்.

அதை மாட்டவும் செய்தேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு, மஞ்சள் கோட்டில் வைத்து, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ச்சி மிச்சம் இருந்தது. மனசுக்குத் திருப்தியாக இருந்தது. அப்படியே வண்டியைக் கொடுத்திருந்தால் இன்று உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

சாயங்காலம் பாப்பா டீ கொண்டுவந்தாள். குந்தி உட்கார்ந்து புது ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்துவிட்டு நகத்தைக் கடிப்பது அவள் வழக்கம்.

“அண்ணா, ரெண்டு நாளா சொல்லணும்னு பாக்கறேன். அவருக்கு அணைக்கட்டுல வேலை வந்திருக்கு. குவார்ட்டர்ஸும் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் நாங்க அங்க போயிடுவோம்.”

அதுவரை அந்த ஷாக் செட் அவர் எப்போதாவது வெளியூர் போய்வருவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் தங்கையை ஏற்றிக்கொண்டு போகப்போகிற வண்டியை நானே கண்ணும் கருத்துமாகத் தயார்செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்காக அதை மறைக்கப் பார்த்தாள். மறைக்காமல் இருந்திருக்கலாம். நல்லதும்மா என்றேன். டீ ஆறுகிறது, குடி அண்ணா என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. மேலே காலடிச் சத்தமே கேட்காத வீட்டை நினைத்துப் பார்த்தேன். டீயைக் குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அதன் பிறகு நீளமான ஹோஸ் இரண்டையும் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், அது போனாலும் மறுபக்கத்துப் பிரேக் பாதியாவது பிடிக்கும். அதனால் இரண்டு பக்கமும்.

வாஷருக்கு வருகிறேன். ஹோஸைக் கழற்றினால் செப்பு வாஷரைப் புதிதாகப் போட்டுத்தான் மாட்டவேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் ஆயிலைக் கசியவிடும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் டப்பாவைத் திறந்து புதுசாகத்தான் எடுத்துப் போட்டேன். பழைய வாஷரைப் போட எனக்குக் கை வராது. பிரேக் ஆயில் கசிந்தால் ஆபத்தில்லையா.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் அறுக்கவில்லை, கீறவில்லை. அது கம்பெனி போட்ட ஹோஸ். வெள்ளைக் கோட்டில் வைத்து ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். நல்ல சாலை இருக்கிற இந்த ஊரிலேயே அவர் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் முதலில் போய், கொஞ்சம் சாமானை இறக்கிவிட்டு, குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. தனியாகப் போகிறார் என்பதைப் பாப்பாவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அணைக்குப் போகும் வழி பாதிக்குமேல் மலைமேல் ஏறும் மண் பாதை. அவருக்கு வழியில் திருகத் தெரியாது, அதனால் இங்கிருந்தே மஞ்சள் கோட்டுக்கு உயர்த்தி அனுப்பவேண்டும். நான்தான் ஸ்பேனரை எடுத்தேன். பிறகு அதைப் பாப்பாவிடம் நீட்டினேன். அங்கே போனால் நீதானே பார்த்துக்கொள்ளவேண்டும், பழகிக்கொள் என்றேன். அவள் கற்றுக்கொள்ளட்டும் என்பதைத் தவிர அதில் வேறு எண்ணம் இல்லை.

அழகாகச் செய்தாள். ஜாக்கி வைத்து, ரிங்கைத் தளர்த்தி, மஞ்சள் கோடுவரை கொண்டுவந்து, மறுபடி இறுக்கினாள். நான் தட்டிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. வண்டியை இறக்கும் முன் அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“ஹோஸ் நீளம் பத்துமா அண்ணா?”

“பாத்தாச்சும்மா.”

பொய் இல்லை. பார்த்துத்தான் இருந்தேன்.

அவள் தண்ணீர் பாட்டில் எடுத்துவர மேலே போனாள். மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“மச்சான், குவார்ட்டர்ஸ் பக்கத்துல ஒரு ஷெட் சும்மா கெடக்கு. அத்தனை லாரி ஓடுற இடத்துல ஒரு மெக்கானிக் கெடையாது. உங்களுக்குன்னு கேட்டு வச்சிருக்கேன். உங்களை விட்டுட்டு உங்க தங்கச்சி அங்க நிம்மதியா இருப்பாளா? சாவி கைக்கு வந்ததும் ரெண்டு பேருகிட்டயும் சேத்துச் சொல்லலாம்னு இருந்தேன். என் வாய்தான் சும்மா இருக்க மாட்டேங்குதே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. மறுபடி ஏற்றி ஹோஸை மாற்றினால் பாப்பா ஏன் என்று கேட்பாள். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அதற்குள் அவளும் பாட்டிலோடு வந்துவிட்டாள். பார்த்துப் போங்கள் மாப்பிள்ளை என்றேன்.

அந்த ஷெட் விஷயத்தைப் பாப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லி இனி என்ன ஆகப்போகிறது.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. சாமானை இறக்கியிருக்கிறார், சாவியும் வாங்கியிருக்கிறார், அது அவர் சட்டைப்பையில் இருந்தது. இறங்கும்போது வளைவில் முதலில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும், அடுத்த வளைவுகளில் மறுபக்கம். பெடல் தரைவரை போயிருக்கும். அவர் அதை மிதித்துக்கொண்டே இருந்திருப்பார். அந்த இடத்துக்குமேல் நான் யோசிப்பதில்லை. வேகமாக வந்து வளைவில் தவறிவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. வேகமாக ஓட்டுகிற ஆளா அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போலீஸ் காட்டிய போட்டோவை நான் மட்டும் பார்த்திருந்தால் போதுமாக இருந்தது. பாப்பாவும் பார்த்துவிட்டாள். பள்ளத்தில் உருண்டதில் ஷாக் வளைந்து, முன்பக்கத்து ரிங் உடைந்து மரையைவிட்டு விலகிக் கிடந்தது. அவள் இறுக்கிய ரிங். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

“அண்ணா, நான் சரியா இறுக்கலையா?”

“மொதல் தடவைதானேம்மா. கை பழகாத வேலை, யாருக்கும் நடக்கும். மனசுல வச்சுக்காத.”

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பா அம்மா போனபோது அழுததற்குப் பிறகு அவள் என்மேல் சாய்ந்து அழுதது அன்றுதான்.

அதிலிருந்து அவள் எதையும் இறுக்குவதில்லை. பட்டறைக்குள் காலே வைப்பதில்லை. தண்ணீர்க் குழாயை மூடமாட்டாள். கேஸ் சிலிண்டர், கதவுத் தாழ்ப்பாள், மாத்திரை டப்பா மூடி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான் வேலையைப் போட்டது போட்டபடி மேலே போய், மூடிக் காட்டிவிட்டு வருவேன். சின்ன வயதில்கூட ஒரு நாளைக்கு இத்தனை முறை அண்ணா என்று அவள் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் சலிப்பே இல்லை. முன்பு சாப்பிடும்போது அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பார்கள், நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். இப்போது அவள் எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் உட்காருகிறாள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நீளமான ஹோஸைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கோட்டில் கிழியும் என்று தெரிந்தே பழைய ஹோஸை மாட்டினேன். அவர் உயிர் போகவேண்டும் என்றுதான் மாட்டினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். போலீஸைக் கூப்பிடுவதென்றாலும் கூப்பிடுங்கள், சட்டையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பாப்பாவிடம் இந்த ஹோஸைக் காட்டவேண்டாம். அவள் ரிங் இறுக்கியதில்தான் தவறு, அந்தப் பழியை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறான் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அழுதுகொண்டு மறுத்துப் பேசுவாள், கம்பெனி ஆள் நீங்கள் சொன்னால் நம்பிவிடுவாள். அப்படியென்றால் ஜெயிலுக்கு வந்து என்னைப் பார்ப்பாள், மழையோ வெயிலோ வாராவாரம் வருவாள். உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். வராமல் இந்த வீட்டில் தனியாகக் கிடந்து அவள் என்ன செய்வாள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கேட்டதா, கூப்பிடுகிறாள். குழாயாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் இருங்கள், மூடிவிட்டு வந்துவிடுகிறேன். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.