ஸக்கரியாவின் காதில் பேனா

— விரலால தேய்ச்சா அழியாதுடா முத்து, எத்தன தரம் செல்றது? இந்தக் கம்பியூட்டருக்கு அதுட பேனாவ மட்டுந்தான் தெரியும். ஒன்ட விரலும் வெண்டிக்காயும் அதுக்கு ஒண்டுதான்.

— அப்ப பேனாவ எடு பதுரு. செக்பொயிண்ட் வந்துருச்சு. நமக்கு முன்னுக்கு ரெண்டே ரெண்டு பஸ்ஸு.

— பேக்க மூணு தரம் கொட்டிப் பாத்துட்டேன். இல்ல.

— தம்புள்ளை சந்தையில வெளையாடி முடிக்கிறப்ப இருந்துச்சே. ஸக்கரியா தான கடைசியா புள்ளி எழுதினான்?

— எழுதினான். எழுதிப்போட்டு காதுல சொருகினான். வெங்காய மூட்டைக்கு இலக்கம் போடுறவன்ட கை, எந்தப் பேனாவக் குடுத்தாலும் காதுக்குத்தான் போகும். இப்ப அதோட கலேவெலைக்குப் பெய்த்து, பொஞ்சாதிக்கிட்ட சோறு கேட்டுக்கிட்டு ஈப்பான்.

— சிரிக்காத.

— சிரிக்கல்ல மச்சான். பல்லு தானா வெளிய வருது.

— ஆஃப் பண்ணி அடியில போட்டு, மேல சாரத்த வச்சிரு. நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு, வீட்டுக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்.

— ஆஃப்ல தான் ஈக்கி. பட்டன அமத்தினா உட்ட எடத்துலயே முழிச்சுக்கும். நேரா படம் தான் வரும்.

— அந்தப் படத்த நீதான் போட்ட.

— நான் ஏழு கடலுக்கு அங்கால அரக்கன்ட நாடுண்டு ஒண்ட வரையப் போனேன். நீதான் கையப் புடிச்ச. தெரியாத ஊருல எப்படிடா சண்ட போடுறது, நம்ம ரோட்டையே போடுன்ன. சந்தையக் கோட்டையாக்கினது நீ. யட்டவத்தைக்குக் குறுக்குப் பாதை கீறினது நீ.

— மூட்டை தூக்குறவனுக்கு வேற என்னா ஊரு தெரியும்?

— அதுவும் சரிதான். பக்கத்துல என்னத்த எழுதின? மெதுவாச் செல்லு. முன் சீட்டு நோனாம்மாக்குக் காது கூர்மை.

— வெளையாடினதத்தான் எழுதினேன். "பாலத்துல ரெண்டு பேரு காவல். அந்திக்கு ஆள் மாறும். அப்ப அடிக்கணும். ஆறு விழுந்தா பாலம் போயிரும்."

— தாயக் கட்டையில ஆறு விழுந்தா.

— அது நமக்குத் தெரிஞ்சது தானேன்னு எழுதல.

— அரக்கன்டாவது ஒரு எடத்துல எழுதிருக்கலாமே.

— ஒவ்வொரு தரமும் அரக்கன் அரக்கன்னு எழுதச் சோம்பலாப் போச்சு. "அவனுங்க"ன்னு போட்டுட்டேன்.

— பதினோரு எடத்துல போட்டீக்கிற. எண்ணிட்டேன்.

— ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்த உட்டவன் நான். இருவது வருசமா கையெழுத்து வைக்கிறதத் தவிர பேனாவத் தொட்டதில்ல. அந்தக் கண்ணாடி மேல எழுதுறப்ப, பொழுது போறது தெரியாம எழுதிட்டேன். பக்கம் தீந்தா அதுவே அடுத்த பக்கம் குடுக்குது. எனக்கென்னா தெரியும்?

— ஒன்ன ஏசல்ல. எங்கட மூத்த ராத்தாட மாப்பிள்ளையத்தான் ஏசணும். டுபாய்ல ஒபீஸுல கழிச்ச கம்பியூட்டர, உருப்படியான சாமான்டு கொண்டாந்து குடுத்தார்.

— ஜன்னலால வீசிறவா?

— கீழ பாரு. ஆமிக்காரன் பஸ்ஸோட கூடவே நடக்கிறான். அவன்ட தலையில விழும்.

— சீட்டுக்கு அடியில உட்டுட்டு எறங்குவோம்.

— மூளை ஈக்கா? பெப்ரவரியில தம்புள்ளையில பஸ்ஸுல குண்டு வெடிச்சதுக்குப் பொறகு, ஆளில்லாத பேக்கக் கண்டா என்ன நடக்கும்? மொதல்ல நாம எல்லாரும் நெலத்துல குப்புற. பொறகு ஆரு எந்த சீட்டுல இருந்ததுண்டு ஒவ்வொருத்தரா.

— பேட்டரிய கழட்டிரு. எரியலன்னா பாக்க முடியாதுல்ல.

— கம்பியும் பேட்டரியுமா ஒரு கறுத்த பொட்டி, வேலையும் செய்யாது. அதக் கொண்டுபோய்க் குடுக்கவா?

— அப்ப என்னாதான் செய்யிறது பதுரு? இப்ப முன்னுக்கு ஒரு பஸ்ஸுதான்.

— மூச்சு எடு. கேளு. பேக் என்ட. மெஷின் என்ட. எழுத்தும் என்ட. நீ ஆரோ, நான் ஆரோ. தம்புள்ளையில ஏறினோம், பக்கத்துப் பக்கத்துல எடம் கெடச்சிச்சு. அவ்வளவுதான்.

— முடியாது.

— என்கிட்ட ஐடென்டிட்டி ஈக்கி. சிங்களம் தண்ணி மாதிரி வரும். வாப்பாக்கு மாத்தளையில கடை ஈக்கி, வந்து கூட்டிட்டுப் போக ஆள் ஈக்கி. ஒன்கிட்ட என்ன ஈக்கி?

— தோட்டத்து கிளாக்கரு அடிச்சுக் குடுத்த கடுதாசி.

— அதுல ஒன்ட பேரு அழகமுத்து. பொறப்புச் சாட்சிப் பத்திரத்துல?

— முத்துவீரன். தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்குற?

— போன வருசம் இந்தப் பேருக் கொழப்பத்துக்குத்தான் ஒன்னப் பொலிஸுல பதினோரு நாள் வச்சிருந்தாங்க. ஒரு கோடு கீறல்ல, ஒரு எழுத்து எழுதல்ல, அப்பவே பதினோரு நாள். இன்டைக்கி இந்தப் பாலத்தோட ஒன்னக் கண்டா?

— இன்னும் இந்தத் தோள்ல மூட்டை வைக்க முடியல. இன்னொரு தரம் ஜீப்புல ஏத்துனா திரும்பி வரமாட்டேன் பதுரு. எனக்கே தெரியும்.

— அதத்தான் நானும் செல்றேன்.

— ஸக்கரியாவோட சேந்து வெளையாடினதுன்னு சொல்லேன். உண்மைதான?

— அவனுக்கு மூணு புள்ள. அவன்ட பேரு ஒன்ட வாயிலயும் வரப்படாது, என்ட வாயிலயும் வரப்படாது. இந்தா, எல்லாரையும் எறங்கச் செல்றான். நீ முன்னுக்குப் போ. எனக்கும் ஒனக்கும் நடுவுல நாலு பேர உடு. உட்டுர்றேண்டு அவங்க சென்னாலும் நம்பாத. திரும்பிப் பாக்காத.

— பதுரு.

— திரும்பிப் பாக்காதண்டு சென்னேன்.

— அடுத்த ஆள். வா இங்க. ஐடென்டிட்டி?

— கடுதாசி தாங்க ஐயா இருக்கு. தோட்டத்துல குடுத்தது. ஐடென்டிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கு.

— எங்க வேலை?

— தம்புள்ளையிலங்க. சந்தையில லொறி ஏத்துறது, எறக்குறது.

— ஒன்னோட யாரு வந்தது?

— யாருமில்லங்க.

— பின்னால அந்த நீலச் சட்டை, அவன் ஒன்னோட கதைச்சது நான் பாத்தது.

— பக்கத்து சீட்டுங்க ஐயா. மணி கேட்டாரு.

— ஹரி, சரி. போ, பஸ்ல ஏறு. நீலச் சட்டை, நீ முன்னுக்கு வா. இந்த பேக் யாருடையது?

— என்ட, மாத்தயா.

— சிங்களம் வேணாம், என்கிட்ட தமிழ் கதைக்கலாம். நான் மட்டக்களப்புல பொலிஸ் வேலை ஏழு வருசம். தமிழ் வாசிக்கவும் தெரியும். இது என்ன? லெப்டொப்?

— அந்த மாதிரித்தான். கண்ணாடி மேல பேனாவால எழுதுறது.

— பேனா எங்க?

— மறந்துட்டேன் மாத்தயா. கடையில உட்டுட்டு வந்துட்டேன்.

— பட்டன் அமத்து. ம். இது ரோடு. இது தம்புள்ளை, இது கலேவெல. இது என்ன, கறுப்பாக் கட்டம் போட்டது?

— கோட்டை, மாத்தயா.

— இது?

— பாலம்.

— எந்தப் பாலம்?

— ஒரு பாலம் தான். வெளையாட்டுப் பாலம்.

— நீயும் நானும் இப்ப நிக்கிறது எது மேல? "ரெண்டு பேரு காவல். அந்திக்கு ஆள் மாறும்." எங்களுக்கு ஆறு மணிக்கு ஆள் மாறுறது. யார் ஒனக்குச் சொன்னது?

— அல்லாஹ்வே, ஒருத்தரும் செல்லல்ல. லூடோ மாதிரி ஒரு வெளையாட்டு மாத்தயா. மேசையில சட்டைப் பொத்தான் வச்சு, கட்டை உருட்டி வெளையாடுறது. எந்தப் பொத்தான் எங்க ஈக்கி, அடுத்தது என்ன செய்யணுமுண்டு இதுல எழுதி வைக்கிறது. பொத்தான் பேக்குல தான் ஈக்கி, பாருங்க.

— பொத்தான் எல்லார் வீட்டுலயும் இருக்கு. லூடோ யாரும் தனியா விளையாடுறதா?

— நான் தனியாத்தான்.

— மேல தேதி விழுந்திருக்கு. இன்னைக்குத் தேதி, காலை நேரம். கீழ ரெண்டு பேர் எழுத்து. இது நேரா இருக்கு. இது கோணல். கோணல் யாரு?

— முந்தி ஒரு கூட்டாளி இருந்தான் மாத்தயா. டுபாய்க்குப் பெய்த்தான்.

— இன்னைக்குக் காலையில எழுதிப்போட்டு டுபாய்க்குப் போனது?

— அது என்ன செல்றதுண்டா...

— பொய் வேணாம். ஏய், நீ! கடுதாசிக்காரன்! ஏன் இங்கயே நிக்கிறது? ஏறச் சொன்னதுதானே.

— செருப்பு வாரு அந்துருச்சுங்க ஐயா. மாட்டிட்டு ஏறிர்றேன்.

— சீக்கிரம். நீ கேளு தம்பி. எனக்கும் மகன் இருக்கு, அவனும் வீட்டுல விளையாடுறது. ஒருவேளை நீ சொல்றது உண்மையா இருக்கலாம். உண்மைன்னா கோணல் எழுத்துக்காரன் ஒருத்தன் இருக்கணும். அவன் வந்து, எந்தப் பொத்தான் யாரு, கட்டை விழுந்தா என்ன நடக்கும்னு அவன் ஒரு பக்கம் சொல்லணும், நீ ஒரு பக்கம் சொல்லணும். ரெண்டும் ஒண்டா இருந்தா நான் விடுறது. ஆள் எங்க?

— ஆள் இல்ல மாத்தயா.

— அப்ப இது விளையாட்டு இல்ல. ஜீப்ல ஏறு.

— ஐயா. கொஞ்சம் இருங்க ஐயா.

— நீ இன்னும் போகலியா?

— அந்தக் கோணல் எழுத்து என்னோடதுங்க. காலையில வெங்காய மூட்டை மேல பலகை போட்டு வெளையாடினோம். வெள்ளப் பொத்தான் நான், கறுப்பு அவன். கட்டையில ஆறு விழுந்தா பாலம் போகும், அஞ்சு விழுந்தா என் ஆள் ரெண்டு பேரு சாவாங்க. ஒரு கடுதாசி குடுங்க, இங்கனயே எழுதிக் காட்டுறேன். எழுத்தப் பாத்துட்டு என்னா வேணுன்னாலும் செய்ங்க.

— மணி கேட்டாருன்னு சொன்னது நீதானே?

— பயத்துல சொன்னதுங்க. அவனையே கேளுங்க. டேய் பதுரு, சொல்லுடா. நாம ரெண்டு பேரும் சொன்னா உட்டுருவேங்கிறாருல்ல, சொல்லித் தொலையேன்.

— நீ சொல்லு. இவன் தானா அந்த ஆள்?

— இல்ல மாத்தயா, இவர நான் இன்டைக்கித்தான் பஸ்ஸுல கண்டேன். பாவம், எனக்காக எரக்கப்பட்டு என்னமோ செல்றார், அவர ஏத்தி அனுப்பிடுங்க.