கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஆர்டிஸ்: ஒண்ணுமில்ல... காபி சூடு. நாக்கைச் சுட்டுக்கிட்டேன்.

லோவெல்: நீ எங்க குடிச்சே? மொத்தத்தையும் மேஜைல கொட்டிருக்கே.

ஆர்டிஸ்: சரி, மேஜை சுட்டுக்கிச்சு. துடைக்க ஏதாவது துணி குடு.

லோவெல்: இந்தா. அந்தப் பக்கம் இருக்கறது தெரிஞ்ச முகமா?

ஆர்டிஸ்: இந்தக் கண்ணாடி வழியா எத்தனை அம்மாக்களைப் பாத்திருக்கேன்... எல்லாமே தெரிஞ்ச முகம் மாதிரிதான் இருக்கும்.

லோவெல்: கேக்கறது என் கடமை. தெரிஞ்சவங்கன்னா எழுந்து வெளிய போயிடணும். மார்க் போடக்கூடாது.

ஆர்டிஸ்: விதியை எனக்கே பாடம் எடுக்கறியா? ரிட்டயர் ஆகி நிம்மதியா இருந்தவளை, மார்க் போடற பையன் காய்ச்சல்ல படுத்துட்டான், ஒரு நாள் வந்து உக்காருன்னு கெஞ்சிக் கூப்பிட்டது நீ.

லோவெல்: கெஞ்சலை. கேட்டேன்.

ஆர்டிஸ்: கெஞ்சினே. நம்ம பக்கம் விளக்கைக் குறை, இல்லேன்னா கண்ணாடி வழியா நம்ம நிழல் அவங்களுக்குத் தெரியும்.

லோவெல்: குறைச்சாச்சு, புரொபசர் அம்மா. இவங்க நம்ம ஆராய்ச்சியோட பழைய கூட்டத்துல ஒருத்தங்க. குழந்தையா இருந்தப்போ இதே அறைக்கு, அம்மா வெளிய போய்த் திரும்பி வந்தா குழந்தை என்ன பண்ணுதுன்னு பாக்கற இதே சோதனைக்கு வந்தவங்க. இப்ப தன் பையனைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. பேரு நமக்குத் தரமாட்டாங்க. அந்தக் காலத்துல என்ன மார்க் வாங்கினாங்கன்னும் தரமாட்டாங்க.

ஆர்டிஸ்: நல்லது.

லோவெல்: அந்தப் பச்சை ஸ்வெட்டர் எனக்குப் பிடிச்சிருக்கு. கையால பின்னினது போல.

ஆர்டிஸ்: தோள்பட்டை கோணல். பின்னினவளுக்குக் கணக்கு வரல.

லோவெல்: இருந்தாலும் போட்டுட்டு வந்திருக்காங்களே.

ஆர்டிஸ்: ...ஆமா. போட்டுட்டு வந்திருக்கா.

லோவெல்: பிரிட்டா உள்ள போறா. வழக்கம்போல முன்பின் தெரியாத ஆளு வேஷம் அவளுக்குத்தான். பையன் பாக்கறான்... அம்மா முட்டியைப் பிடிச்சிக்கறான். எழுந்து நடந்துடுவானோ?

ஆர்டிஸ்: மாட்டான். இன்னும் நடக்க ஆரம்பிக்கல.

லோவெல்: உனக்கெப்படித் தெரியும்?

ஆர்டிஸ்: பேண்ட் முட்டியைப் பாரு, தேஞ்சிருக்கு. தவழற குழந்தை.

லோவெல்: அடேங்கப்பா. இங்கிருந்து அது தெரியுதா உனக்கு? போன வாரம் மெனு கார்டைக் கை நீட்டிப் பிடிச்சுப் படிச்சே.

ஆர்டிஸ்: மெனு கார்டு வேற, முட்டி வேற. வாயை மூடிக்கிட்டுப் பாரு.

லோவெல்: அம்மாவை வெளிய வரச் சொல்லி இன்னும் கதவு தட்டல. பேசலாம். சொல்லு, இன்னிக்கும் உன் கட்சி அதேதானா? குழந்தைக்கு முதல் வருஷம் போட்ட அஸ்திவாரம்தான் எல்லாம், அப்புறம் மேல பெயிண்ட் வேணா மாத்தலாம்?

ஆர்டிஸ்: அதேதான். நான் கட்சி மாறற ஆளில்ல.

லோவெல்: மாறற ஆளே உலகத்துல கிடையாதுங்கறதுதானே உன் கட்சி.

ஆர்டிஸ்: கிண்டல் பண்ணு. கண்ணால பாத்ததைச் சொல்றேன். அந்தச் சிவப்பு டிரவுசர் குழந்தை...

லோவெல்: வந்துட்டாடா சிவப்பு டிரவுசர்! கல்யாணம், கருமாதி, மாநாடு, எங்க போனாலும் இந்தக் குழந்தையைக் கூட்டிட்டு வந்துடுவே.

ஆர்டிஸ்: நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அவ அம்மாவுக்கு நுரையீரல்ல கோளாறு. மாசக்கணக்கா ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல இங்க சோதனை. அம்மா வெளிய போனா, குழந்தை அழல. திரும்பி வந்தா... கதவு திறந்ததும் ஒரு தரம் பாத்துச்சு. முதுகைத் திருப்பிக்கிட்டு கட்டையை அடுக்க உக்காந்துடுச்சு. அவ்வளவுதான். அந்த முதுகை நான் மறக்கல.

லோவெல்: இதை நூறு தடவை சொல்லிட்டே. அந்த அம்மா முகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

ஆர்டிஸ்: ...அது எனக்குத் தெரியல.

லோவெல்: நேர் எதிர்ல கண்ணாடி. எப்படித் தெரியாமப் போச்சு?

ஆர்டிஸ்: கதவு தட்டறாங்க. பாரு.

லோவெல்: அம்மா வெளிய போறாங்க. பையன் முகம் கோணுது... ஆ, ஆரம்பிச்சிட்டான். நல்ல குரல். ஏரிக்கரை வரைக்கும் கேக்கும்.

ஆர்டிஸ்: அவங்க தாத்தா குரல்.

லோவெல்: யாரோட தாத்தா?

ஆர்டிஸ்: பொதுவா சொன்னேன். இந்த மாதிரி குரல் யாராவது ஒரு தாத்தாகிட்டேருந்துதான் வரும்.

லோவெல்: அப்ப ரத்தம்ங்கறே! முதல் வருஷ வளர்ப்புன்னு சொன்னவ வாயிலேருந்து ரத்தம் வந்துடுச்சு. இன்னிக்குத் தேதியைக் குறிச்சு வெச்சிக்கறேன்.

ஆர்டிஸ்: குரல் ரத்தம். குணம் வளர்ப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே... உஷ். வர்றா.

லோவெல்: பையன் பாத்துட்டான். அழுகை நின்னுடுச்சு. போ, போ... எங்கடா போறே? ஓ. பொம்மை லாரிகிட்ட போறான்.

ஆர்டிஸ்: திருப்பிக்கிட்டான். பாத்தியா? முகத்தைப் பாத்துட்டு லாரிக்குத் திரும்பிட்டான். அதே முதுகு, லோவெல். நான் சொன்னேன்ல? அம்மாவுக்கு இருந்தது பிள்ளைக்கு வரும். யாரும் கைல குடுக்க வேண்டாம், அது தானா வரும்.

லோவெல்: இந்த அம்மாவுக்கு என்ன இருந்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்? மார்க்தான் நமக்குத் தரலையே.

ஆர்டிஸ்: ஒரு... யூகம்.

லோவெல்: இது முதல் தரம். ரெண்டாவது தரம்தான் கணக்கு. அதுவும் நீ எனக்குச் சொல்லிக் குடுத்தது. மூச்சு விடு.

ஆர்டிஸ்: விட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

லோவெல்: விடல. ஒரு கேள்வி. நான் நாப்பது வயசுல குடியை விட்டேனே, அது எந்த முதல் வருஷத்துல சேரும்?

ஆர்டிஸ்: நீ விதிவிலக்கு.

லோவெல்: எங்கப்பா குடிகாரன். அவங்கப்பா குடிகாரன். ரத்தம்னு பாத்தாலும் நான் காலி, வளர்ப்புன்னு பாத்தாலும் காலி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என்னைக் கார்ல ஏத்தி, சர்ச் அடித்தளத்துல நடக்கற, குடியை விடறவங்க கூட்டத்துக்குக் கொண்டு விட்டது யாரு?

ஆர்டிஸ்: யாரோ வேலை வெட்டி இல்லாதவ.

லோவெல்: நீதான். பனிப்புயல்ல கூட. வழி முழுக்க, மனுஷன் மாறவே மாட்டான்னு பாடம் நடத்திக்கிட்டே கொண்டு விட்டே. முடியற வரைக்கும் கார்லயே உக்காந்திருப்பே. நான் அப்பவே நினைச்சேன்... இவ சொல்றதை இவளே நம்பல.

ஆர்டிஸ்: ஹீட்டர் நல்லா இருந்துச்சு. அதான் உக்காந்திருந்தேன்.

லோவெல்: அந்த ஹீட்டர் ஒரு நாளும் வேலை செஞ்சதில்ல. சரி, உன் பொண்ணு எப்படி இருக்கா? ஸ்கூல் படிக்கறப்போ பாத்தது. இப்ப தெருவுல பாத்தாக்கூட அடையாளம் தெரியாது.

ஆர்டிஸ்: இருக்கா. ஃபார்கோ நகரத்துல. கிறிஸ்துமஸுக்கு வந்துட்டுப் போனா. பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கி வெச்சா. ரொம்ப மரியாதையான பொண்ணு.

லோவெல்: மரியாதை சரி. கட்டிப்பிடிச்சாளா?

ஆர்டிஸ்: எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமில்ல. நார்வேக்காரங்க நாங்க.

லோவெல்: மறுபடியும் ரத்தம்!

ஆர்டிஸ்: போடா கிழவா. ரத்தம் இல்ல. நான்தான் சரியான சமயத்துல கூட இல்ல. வேணும்னு போகல, படுத்த படுக்கையா கிடந்தேன்... கிடந்தாலும் குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? அவளுக்குத் தெரிஞ்சது கதவு மூடினது மட்டும்தான்.

லோவெல்: ...இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்ல.

ஆர்டிஸ்: இப்பவும் சொல்லல. கதவு தட்டறாங்க.

லோவெல்: அம்மா போறாங்க. பிரிட்டாவும் போயிட்டா. பையன் தனியா இருக்கான்... சரி, சைரனை ஆரம்பிச்சிட்டான்.

ஆர்டிஸ்: கதவைத் தேய்க்கறான், பாரு. போதும். கதவைத் திறக்கச் சொல்லு.

லோவெல்: இன்னும் நேரம் ஆகல.

ஆர்டிஸ்: போதும்ங்கறேன்ல! கன்னமெல்லாம் சிவந்து போச்சு.

லோவெல்: எத்தனை குழந்தைங்க இங்க அழுதிருக்கு. ஒரு தடவைகூட நீ இப்படிக் கத்தினதில்லையே. வயசாயிடுச்சா?

ஆர்டிஸ்: ஆமா, வயசாயிடுச்சு. வெச்சிக்கோ. திறக்கச் சொல்லு.

லோவெல்: திறக்குது. வந்துட்டாங்க... என்ன இது, மண்டி போடறாங்க?

ஆர்டிஸ்: வாசல்லயே. பாஞ்சு போய்த் தூக்கல. கையை விரிச்சிக்கிட்டு... காத்துக்கிட்டிருக்கா. என்ன சொல்றா? ஸ்பீக்கரைக் கூட்டு, கூட்டு.

லோவெல்: "இங்கதான் இருக்கேன். நீயா வா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி"ங்கறாங்க.

ஆர்டிஸ்: இதை யாரு கத்துக் குடுத்தா அவளுக்கு? நான் குடு... எந்தப் புத்தகத்துல இருக்கு இது?

லோவெல்: பையன் நாற்காலியைப் பிடிச்சு எழுந்துக்கறான். கையை விட்டுட்டான். ஒரு அடி... ஆர்டிஸ், நடக்கறான்!

ஆர்டிஸ்: விழப்போறான்.

லோவெல்: விழுந்துட்டான். பரவாயில்ல, தவழ்ந்தே போறான். என்ன வேகம்! லாரியை இடிச்சுத் தள்ளிட்டுப் போறான்.

ஆர்டிஸ்: போடா ராஜா... போ. போயிட்டான். கழுத்தைக் கட்டிக்கிட்டான். மூஞ்சியைப் புதைச்சிக்கிட்டான் பாரு. அழுகை குறையுது... நின்னுடுச்சு. அவ முதுகைத் தட்டிக் குடுக்கறா. இப்பத் தலையைத் தூக்கி லாரியைத் தேடறான்!

லோவெல்: தேறிட்டான். விளையாடப் போறான். இதைவிட நல்ல திரும்புதலை நான் இந்த அறைல பாத்ததில்ல. நீ பாத்திருக்கியா?

ஆர்டிஸ்: இல்ல. சத்தியமா இல்ல. அவளைப் பாரேன் லோவெல்... எவ்வளவு நிதானம்! அவளுக்கு யாரும் அப்படிக் காத்திருந்ததில்ல. ஒண்ணுமில்லாத இடத்துலேருந்து இதை உண்டாக்கியிருக்கா. எனக்கு நெஞ்சு கொள்ளல. ரிட்டயர் ஆனப்போ அவ்வளவு பெரிய ஹால்ல எழுந்து நின்னு கைதட்டினாங்களே, அன்னிக்குக்கூட இப்படி இல்ல.

லோவெல்: அப்ப அஸ்திவாரம்?

ஆர்டிஸ்: அஸ்திவாரத்தைத் தூக்கி ஏரில போடு.

லோவெல்: முப்பது வருஷ சண்டைல நான் ஜெயிச்சிட்டேனா?

ஆர்டிஸ்: நீ ஒண்ணும் ஜெயிக்கல. அவ ஜெயிச்சா. நீ சும்மா பக்கத்துல உக்காந்திருந்தே.

லோவெல்: அதுவும் சரிதான். மார்க்கை எழுது, கையெழுத்துப் போடு, கீழ போய் நல்ல காபியா குடிக்கலாம்... என்ன, தாள் காலியா இருக்கு? பேனா மூடியைக்கூடத் திறக்கல?

ஆர்டிஸ்: நான் போடக்கூடாது.

லோவெல்: ஏன்?

ஆர்டிஸ்: அவ என் பொண்ணு, லோவெல். சிவப்பு டிரவுசரும் அவதான். அன்னிக்கு நான் இந்தப் பக்கம் இல்ல, உள்ள வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். இன்னிக்குப் பாத்த நிமிஷமே எழுந்து போயிருக்கணும். அந்த விதியை எழுதினவளே நான்தான். ஆனா... எழுந்துக்க முடியல. வேணும்னா மேல எழுதிப் போடு.

லோவெல்: எழுதிப் போட ஒண்ணுமில்ல. யாருக்கும் காய்ச்சல் இல்ல, மார்க் போடறவங்க வேற ஊர்ல உக்காந்து டேப்பைப் பாத்துப் போடுவாங்க. இன்னிக்கு இந்த நாற்காலிக்கு ஆளே தேவையில்ல, ஆர்டிஸ். "கண்ணாடிக்குப் பின்னால எங்கம்மாவை உக்கார வைங்க, அவங்க பாக்கணும்"னு எனக்கு போன் பண்ணினதே உன் பொண்ணுதான்.